தாலி மந்திரிப்பு

ஞானசெல்வி மதினி பயந்து நான் பார்த்ததே கிடையாது. மார்க்கையன்கோட்டைக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அறுப்புக் காலத்தில் வயலில் சாரைப்பாம்பு தென்பட்டால் மற்ற பெண்கள் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். மதினி அதை வாலைப் பிடித்துத் தூக்கி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டு, எலி பிடிக்கிற சீவனுக்கா இந்த ஓட்டம் என்று ஓடினவர்களை வைவார். தெருவுக்குள் கரும்பு லாரி வேகமாக வந்தால் நடுவில் போய் நின்றுகொண்டு டிரைவரை இறக்கிப் பேசுகிற பேச்சில், அவன் வந்த வழியே ரிவர்ஸில் போவான்.

அப்படிப்பட்டவர் தன் வீட்டுக் கேஸ் அடுப்பைப் பார்த்து அழுதார் என்றால் யார் நம்புவார்கள்? நானே முதலில் நம்பவில்லை. கட்டிலில் படுத்திருந்தால் அடுப்படி நேராகத் தெரியும். நீல நெருப்பு நாக்கு நாக்காக எரிகிறது, அந்தக் கதவைச் சாத்து என்றார். சாத்தினேன். இடுக்கு வழியாகத் தெரிகிறது, துணியை வைத்து அடை என்றார். பழைய சேலையைக் கிழித்து அடைத்தேன்.

அது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். மழை ஏமாற்றி, பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் பாதிகூட வராத வருஷம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகன் சூரியபிரகாஷ், ஆத்தா இனிமேல் கொல்லைக்குப் போக வேண்டாம் என்று வீட்டுக்குள்ளேயே வழவழவென்று டைல்ஸ் போட்டுப் பாத்ரூம் கட்டிக் கொடுத்திருந்தான். வரப்பில் நாற்பது வருஷமாகச் சறுக்காத கால் அந்த டைல்ஸில் சறுக்கியது. ஆனைக்கும் அடி சறுக்கும்தான். ஆனால் ஆனைக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. தேனியில் ஆபரேஷன் செய்து இடுப்பில் பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடவில்லை. நடந்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் கட்டிலோடு இருக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார்.

மதினியின் வீட்டுக்காரர் அழகுமலை அண்ணன் பேசாத மனிதர். பத்து வார்த்தை பேசினால் அதில் எட்டு மாட்டோடு இருக்கும். அவர்தான் மதினியைத் தூக்கி உட்கார வைத்தார், துடைத்துவிட்டார், சட்டியை எடுத்தார், முதுகில் புண் வராமல் இருக்கப் புரட்டிப் படுக்க வைத்தார். பொம்பளை வேலை என்று ஒருநாள் முகம் சுளித்ததில்லை. தெருவில் பெண்கள் இதைச் சொல்லியே தங்கள் வீட்டு ஆம்பளைகளைக் குத்திக்காட்டினார்கள். நானும்தான்.

நான் சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளர். பிள்ளைகளுக்குச் சோறு போட்டு அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் மத்தியானம் மதினியோடு போய் உட்கார்ந்துகொள்வேன். பொழுது சாயச் சாய அவர் என் கையை விட மாட்டார். போகாதே கஸ்தூரி, லைட்டைப் போட்டுவிட்டுப் போ, அண்ணன் வருகிற வரைக்கும் இரு என்பார். சாவு வந்துவிடும் என்று பயப்படுகிறாரோ என்று நினைத்து, இடுப்பு ஒடிந்து யாரும் செத்ததில்லை என்று அதட்டினேன். ஒரு மத்தியானம் அவரே வாயைத் திறந்தார்.

"சாவுறதுக்குப் பயமில்ல கஸ்தூரி. செத்ததுக்கு அப்புறந்தான் பயம். நான் சாவான பாவத்துல கெடக்கேன்."

மதினி பிறந்தது ராயப்பன்பட்டியில், பரம்பரையாக வேதக்காரக் குடும்பத்தில், ஆர்.சி. என்பது ஊருக்குத் தெரிந்த சங்கதிதான். அங்கே திராட்சைத் தோட்டத்துக்கு எரு வண்டி ஓட்டிப் போன அழகுமலை அண்ணன் மேல் ஆசைப்பட்டு, வீட்டுக்குச் சொல்லாமல் வந்துவிட்டார். ஒரு அம்மன் கோயில் வாசலில் அண்ணன் தாலி கட்டினார். தகப்பனார் அன்றைக்குக் கதவைச் சாத்தியவர், சாகிற வரைக்கும் திறக்கவில்லை. இங்கே வந்த பிறகு பேரில் இருந்த ஞானம் போய் வெறும் செல்வியானார். பொட்டு வைத்தார், பொங்கல் வைத்தார், குலசாமிக்குக் கிடாய் வெட்டுக்குப் போய்ப் பந்தியில் நின்று பரிமாறினார். பிறந்த வேதத்தை ஆற்றோடு விட்டுவிட்டார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

பாவத்தில் இரண்டு தினுசு உண்டாம். சின்னதுக்கு அற்பப் பாவம் என்று பேர். பெரியதுக்குச் சாவான பாவம். சாவான பாவத்தைத் தீர்க்காமல் செத்தால் நேரே நரகம், சிபாரிசுக்கு ஆள் கிடையாது. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பில் ஒரு கன்னியாஸ்திரி பெரிய படத்தை விரித்து வைத்து, பிரம்பால் தொட்டுத் தொட்டு இதைச் சொல்லிக் கொடுத்தாராம். படத்தில் நெருப்புக்குள் ஆணும் பெண்ணுமாக நிறையப் பேர் நிற்பார்களாம். அதில் ஒரு பெண் சங்கிலியோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாளாம். வேலை வெட்டி, பிள்ளை குட்டி என்று ஓடின காலத்தில் அந்தப் பெண்ணை மதினி மறந்தே போய்விட்டார். மல்லாக்கப் படுக்க வைத்த பிறகு அவள் வந்துவிட்டாள்.

நீங்கள் அப்படி என்ன கொலையா செய்தீர்கள் என்று கேட்டேன். மதினி வாசலைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்திக்கொண்டார். கோயிலில் மந்திரிக்காமல் ஒருத்தரோடு குடும்பம் நடத்துவதுதான் அந்தப் பாவமாம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. உங்களுக்குப் பீ அள்ளிக் கொட்டுகிற மனுசனோடு வாழ்ந்ததா பாவம், அப்படிச் சொல்லிக் கொடுத்த கன்னியாஸ்திரி எந்த மனுசனோடு வாழ்ந்து பார்த்தார் என்று கத்திவிட்டேன். மதினி என் வாயைப் பொத்தினார். அவர் கை சில்லென்று இருந்தது. நியாயம் அநியாயம் பேசினால் பயம் போய்விடுமா? பாம்புக்குப் பயந்தவளிடம் அது சாரைதான் என்று சொன்னால் அவள் ஓடாமல் நிற்பாளா? மதினி கேட்டது இரண்டே காரியம். சாமியாரைக் கூட்டி வந்து தனக்கு நன்மை வாங்கிக் கொடுக்க வேண்டும். அண்ணனுக்கு இந்தப் பாவக் கணக்கு தெரியவே கூடாது.

நன்மை என்றால் நமக்கு நல்ல காரியம். அவர்களுக்கு அது கோயிலில் சாமியார் மந்திரித்து நாக்கில் வைக்கிற வெள்ளை அப்பம். சாமியே அதில் வருகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. பாவத்தைச் சாமியார் காதில் சொல்லித் தீர்த்துவிட்டு நன்மை வாங்கினவர், அப்புறம் எந்த நேரம் செத்தாலும் பயமில்லை.

விசாரித்து, பங்குக் கோயிலுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அண்ணன் தென்னந்தோப்பில் இருந்த நேரம் பார்த்துச் சாமியார் பைக்கில் வந்து இறங்கினார். பேர் இம்மானுவேல். மலைக்கு அந்தப் பக்கம் கட்டப்பனைக்காரர், சின்ன வயது, பேண்ட் சட்டை. மதினி அவரை ஏற இறங்கப் பார்த்து, அங்கி இல்லாதவர் நிஜச் சாமியார்தானா என்று என்னிடம் கிசுகிசுத்தார். அவர் சிரித்துக்கொண்டே பையிலிருந்து வெள்ளை அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டார். உடனே மதினி கையைக் கூப்பி, சர்வேசுரனுக்குத் தோத்திரம் என்று ஆரம்பித்து, சின்ன வயதில் படித்த செபத்தையெல்லாம் மூச்சு விடாமல் ஒப்பித்தார். அந்த வார்த்தைகளெல்லாம் இப்போது மாறிவிட்டன என்று சாமியார் யதார்த்தமாகச் சொன்னார். மதினியின் முகம் வெளுத்துவிட்டது. தான் படுக்கையில் கிடந்து இத்தனை நாள் சொன்னதெல்லாம் அப்போது போய்ச் சேரவில்லையா என்று கேட்டார்.

"சேர்ந்திருக்கும் அம்மா. அட்ரஸ் மாறல்ல. பேடிக்கண்டா" என்றார் சாமியார். பயப்பட வேண்டாம் என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் அந்த அளவு மலையாளம் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் நன்மை அன்றைக்குக் கிடைக்கவில்லை. முதலில் கல்யாணத்தைச் சபை முறைப்படி மந்திரிக்க வேண்டுமாம். அண்ணன் வேதத்துக்கு வர வேண்டியதில்லை. இரண்டு சாட்சிக்கு முன்னால் சம்மதம் சொன்னால் போதும், பிஷப் என்கிற ஆயரிடம் அனுமதி தானே வாங்கித் தருவதாகச் சொன்னார். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம், எப்போது விளித்தாலும் வருகிறேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார். சாகப் போகிறேன் என்றால் உடனே கொடுப்பார்கள், பிழைத்துக் கிடந்தால் காத்திருக்க வேண்டும், இது என்ன நியாயம் என்று மதினி அன்று முழுக்கப் புலம்பினார்.

சாயங்காலம் அண்ணன் கால் கழுவிவிட்டு உள்ளே வந்ததும் மதினி பாவக் கணக்கைச் சொல்லாமல் காரியத்தை மட்டும் சொன்னார்.

"ஏங்க, சாமியார் வந்திருந்தாக. எந்தாலிய மந்திரிக்கணுமாம். நீங்க சம்மதிக்கணும்."

வந்தது வினை. எங்கள் பக்கத்தில் நாய் குரைத்துப் பயந்த பிள்ளைக்கு விபூதி போட்டு மந்திரிப்பார்கள். அது சாதாரணம். ஆனால் ஆகாதவன் பேரைச் சொல்லி மந்திரிப்பதும் உண்டு. அதிலும் மலைக்கு அந்தப் பக்கத்து மந்திரிப்பு என்றால் கம்பம் பள்ளத்தாக்கில் மீசை வைத்த ஆம்பளைக்கும் அடிவயிறு கலங்கும். வேதக்காரர்கள் அதே வார்த்தையை ஆசீர்வாதத்துக்குச் சொல்கிறார்கள் என்பது அந்த வீட்டில் மதினி ஒருத்தருக்குத்தான் தெரியும். அவருக்கோ இந்த வீட்டில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பது அந்த நேரத்தில் ஞாபகம் இல்லை.

அண்ணனின் அக்கா சோணையம்மாள் பின்கட்டில் இருந்தார். புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவரின் கை அப்படியே நின்றது. தாலி என்பது தம்பியின் உயிர். அதை ஒரு மலையாளத்தான் கையில் கொடுத்து மந்திரிக்கச் சொல்வதா? எல்லைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போன ஒருவன் ஒரு துண்டு மந்திரித்த தேங்காயைத் தின்றுவிட்டு ரத்தம் கக்கிய கதையை எடுத்தார். அந்தக் கதையை நான் மூன்று விதமாகக் கேட்டிருக்கிறேன். ஒன்றில் அவன் வாழைப்பழம் தின்பான்.

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். ஆனால் மறுநாளிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது. கும்மிருட்டில் தனியாகப் போய்த் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வருகிற மனிதர், சொந்த வீட்டு முன்னறைக்குள் வரத் தயங்கினார். மதினியைத் தூக்குவார், துடைப்பார், ஆனால் அவர் கழுத்துப் பக்கம் பார்க்க மாட்டார். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னாராம். சோணையம்மாள் அவரைச் சங்கிலி என்கிற குறி சொல்லும் கோடாங்கியிடம் கூட்டிப்போய், அவர் கையில் கறுப்புக் கயிறு கட்டிக் கூட்டி வந்தார்.

அதோடு விட்டாரா? ஒருநாள் நான் கட்டிலுக்கு அடியில் கூட்டும்போது விளக்குமாற்றில் என்னமோ உருண்டு வந்தது. குங்குமம் அப்பின எலுமிச்சம்பழம். எனக்குக் கூட்டத் தெரிந்த அளவு மறைக்கத் தெரியவில்லை. மதினி எட்டிப் பார்த்துவிட்டார். நடக்க முடியாத மனுஷி கட்டிலில் அந்த மூலைக்கு நகர்ந்துகொண்டார். அப்படி நகர்ந்ததற்கு என்ன வலி வலித்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. தன்னைச் சீக்கிரம் அனுப்புவதற்குச் சோணையம்மாள் செய்வினை வைத்துவிட்டார், நன்மை வாங்குவதற்கு முன்னாலேயே செத்துவிடுவேன் என்று மதினி பல்லைக் கிட்டித்துக்கொண்டு நடுங்கினார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவர் மந்திரிப்புக்கு இவர் பயப்படுகிறார், இவர் பழத்துக்கு அவர் பயப்படுகிறார். ஒரே கூரைக்கு அடியில் மூன்று கிழடுகளும் ஒருத்தரை ஒருத்தர் எமனாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பழத்தைப் பிழிந்து ஜூஸ் போட்டுக் குடித்திருப்பேன். ஆனால் கையால் தொட எனக்கும் தைரியம் வரவில்லை. விளக்குமாற்றாலேயே தள்ளிக்கொண்டுபோய்ச் சாக்கடையில் விட்டேன்.

சாமியார் இரண்டு தடவை ஆள் அனுப்பிக் கேட்டார். ஆயரின் அனுமதி வந்துவிட்டது, அவர் வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று. நானும் அண்ணனிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். அது ஆசீர்வாதந்தான், வேறொன்றும் இல்லை என்றேன். அப்படியென்றால் எதற்கு மந்திரிப்பு என்று சொல்கிறார்கள் என்று கேட்டார். 

கார்த்திகை பிறந்த சமயம் மதினிக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாளில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. காலையில் சின்னமனூர் டாக்டர் வந்து பார்த்து, நெஞ்சில் சளி கட்டிவிட்டது, உடனே தேனிக்குக் கொண்டுபோங்கள் என்றார். வாசலில் அம்பாசிடர் டாக்சி வந்து நின்றது. தூக்கப் போனபோது மதினி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். இரண்டு ஆம்பளைகள் பிரித்தும் அந்த விரல்களைப் பிரிக்க முடியவில்லை. சாமியார் வராமல் வர மாட்டேன், வழியில் செத்தால் நான் எங்கே போவேன் என்று அந்த இளைப்போடு சொல்லிக்கொண்டே இருந்தார். கண் இரண்டும் அடுப்படிக் கதவில் நிலைத்திருந்தன. என் வாழ்நாளில் அப்படி ஒரு பயத்தை மனித முகத்தில் நான் பார்த்ததில்லை. இனிப் பார்க்கவும் வேண்டாம்.

அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தார். எத்தனையோ நாளுக்கு அப்புறம் மதினியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அப்பிடி என்ன பாவந்தான் செஞ்ச நீ?"

மதினி என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"உங்களக் கெட்டுனதுதாங்க."

டாக்சி டிரைவர்கூடத் தலையைக் குனிந்துகொண்டான்.  அண்ணன் எழுந்து வெளியே போய் டி.வி.எஸ். ஐம்பதை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். தோப்புக்குப் போய் உட்கார்ந்துவிடுவார், இனி இந்தப் பக்கம் வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். நாற்பது வருஷம் வாழ்ந்த வாழ்க்கைக்கு அதுதான் பேர் என்றால் எந்த மனிதனுக்குத்தான் பொறுக்கும்? சொன்ன மதினியின் மேலும், கேட்ட அண்ணனின் மேலும், எங்கோ செத்துப்போன அந்தக் கன்னியாஸ்திரியின் மேலும் எனக்கு ஒரே ஆத்திரமாக வந்தது.

டி.வி.எஸ். திரும்பி வந்தபோது அதற்குப் பின்னாலேயே சாமியாரின் பைக்கும் வந்தது.

அண்ணன் நேரே உள்ளே வரவில்லை. குழாயடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக் குளித்தார். சலவை வேட்டி எடுத்துக் கட்டினார். நெற்றி நிறைய விபூதி பூசினார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"வாசல்ல ரெண்டு ஆம்பளைகள நிக்கச் சொல்லு தாயி. நான் விழுந்துட்டா தூக்குறதுக்கு ஆள் வேணும்ல."

நீங்கள் எதற்கு விழுகிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் கையில் கறுப்புக் கயிறு நனைந்து ஒட்டியிருந்தது.  அப்போதுதான் எனக்கு உறைத்தது. மந்திரித்தால் தன் உயிர் போய்விடும் என்று அந்த மனிதர் முழுசாக நம்புகிறார். நம்பிக்கொண்டுதான் போய்க் கூட்டி வந்திருக்கிறார்.

"வேண்டாம்ணே" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்.

"அவ பயந்துக்கிட்டுக் கெடக்கா தாயி. எனக்கு ஆனது ஆகட்டும்" என்றார்.

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும் என்று சாமியார் கேட்டார். ஒன்று நான். இன்னொன்றுக்கு, யாரும் எதிர்பார்க்காமல், சோணையம்மாள் வந்து நின்றார். கையில் ஒரு கொத்து வேப்பிலை. தம்பியை என்ன செய்கிறார்கள் என்று கண்ணால் பார்க்காமல் இருக்க முடியாதாம். சாமியார் வேப்பிலையைப் பார்த்துவிட்டு, அவர் நிற்க இடம் விட்டு நகர்ந்தார். நல்ல மனிதர்.

மதினி பாவத்தைச் சொல்லித் தீர்க்கும் வரை நாங்கள் வெளியே நின்றோம். பிறகு கூப்பிட்டார். தாலியைக் கழற்றச் சொல்வார் என்று மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அவர் கழற்றச் சொல்லவில்லை. கழுத்தில் கிடக்கிற தாலியை அண்ணனைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அண்ணனின் விரல் நடுங்கியதில் தாலி மதினியின் நெஞ்சில் தட்டிக்கொண்டே இருந்தது. இந்தப் பெண்ணை மனைவியாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார் சாமியார். அதான் கட்டிவிட்டேனே என்றார் அண்ணன். இன்னொரு தடவை சொல்ல வேண்டும் என்றார். சம்மதம் என்றார். நோயிலும் சுகத்திலும், வாழ்நாள் முழுதும் என்று சாமியார் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தவர், அந்த இடத்தில் நின்றுவிட்டார்.

"வாழ்நாள் முழுசுமின்னா? அதுக்கப்புறம்?"

சாமியார் பொய் சொல்லத் தெரியாதவர். "மரணம் வரெ. அது வரெதான் அண்ணா இந்த வாக்கு" என்றார்.

அண்ணன் முகத்தில் ஒரு வாட்டம் வந்தது. ஏழேழு பிறவிக்கும் என்று சொல்லிக் கட்டின தாலி அவருடையது. ஆனாலும் சரி என்று தலையை ஆட்டிவிட்டுச் சொல்லி முடித்தார். மதினியும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

சாமியார் நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசினார். வெள்ளை அப்பத்தை எடுத்து நாக்கில் வைத்தார். மதினி கண்ணை மூடினார். கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த விரல்கள் தாமாகவே விட்டன. அண்ணன் மட்டும் சுவரில் முதுகைக் கொடுத்து, விழுவதற்குத் தயாராக நின்றுகொண்டிருந்தார். நேரம் போனது. விழவில்லை. சோணையம்மாள் அவர் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, அடிக்குதுடா என்றார்.

தேனியில் வைத்தியம் பார்த்து மதினி பிழைத்து வந்தார். நடை திரும்பவில்லை. அதற்கப்புறம் மூன்று வருஷம் அந்தக் கட்டிலில்தான் இருந்தார். மாதத்து முதல் வெள்ளிக்கிழமை நோயாளிகளுக்குச் சாமியார் வீட்டுக்கே நன்மை கொண்டு வருவார். அன்றைக்குக் காலையிலேயே மதினி தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அடுப்படிக் கதவைச் சாத்தச் சொல்வது நின்றது. சோணையம்மாள்கூடச் சாமியாருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். பயம் ஒழிந்தது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

ஒழியவில்லை, இடம் மாறியிருந்தது. மதினிக்கு மோட்சம் என்று ஆகிவிட்டது. அண்ணனுக்கு? அந்தப் படத்தில் ஞானஸ்நானம் வாங்காதவர்களுக்கும் நெருப்புத்தான் போட்டிருந்ததாம். சாமியாரிடம் கேட்டார். மனச்சாட்சிப்படி வாழ்கிற யாரையும் கடவுள் கைவிடுவதில்லை, அந்தக் காலத்துப் படத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். செபத்தை மாற்றினவர்கள் இதையும் மாற்றியிருப்பார்கள், எதை நம்புவது என்று மதினி என்னிடம் கேட்டார். அண்ணனையே ஞானஸ்நானம் வாங்கச் சொல்லிக் கெஞ்சினார். எங்க அய்யா, எங்க ஆத்தா எல்லாம் அங்கன இருக்காக, அவுகள விட்டுட்டு நான் மட்டும் எங்க போறது என்று அண்ணன் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். அதற்கு மேல் அவரை அசைக்க யாராலும் முடியாது.

மதினி சாவதற்கு முந்தின மாதம், ஒரு முதல் வெள்ளி. சாமியார் நன்மை கொடுத்துவிட்டு, அடுத்த நோயாளியைப் பார்க்க அவசரமாகக் கிளம்பினார். பைக் சத்தம் தெருமுனை தாண்டியதும் மதினி வாயைத் திறக்காமல் அண்ணனைக் கையால் கூப்பிட்டார். அவர் குனிந்தார். மதினி வாய்க்குள் விரலை விட்டு, கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்த நன்மையில் பாதியை எடுத்தார். ஈரமாகக் குழைந்திருந்த அதை அண்ணன் வாயில் வைத்து, உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்தினார்.

"கேக்காம முழுங்குங்க."

அண்ணன் விழுங்கினார்.

 வேதத்தில் இல்லாதவருக்கு அதைக் கொடுப்பதே கூடாது. எச்சிலோடு எடுத்து ஏமாற்றிக் கொடுத்தால் எப்பேர்ப்பட்ட பாவம் என்று மூன்று வருஷமாக முதல் வெள்ளிக்கு முதல் வெள்ளி கேட்டுக் கேட்டு எனக்கே பாடம். சாவான பாவத்துக்குப் பயந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்த மனுஷி, தெரிந்தே அதைச் செய்துவிட்டு விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன காரியம் மதினி செஞ்சீக. உங்களுக்குப் பயமா இல்லியா?"

"நரகத்துக்குப் பயந்து பயந்து செத்தேன் கஸ்தூரி. அதுகூடப் பழகிப்போச்சு. இவுக இல்லாத மோட்சத்துக்குத்தான் இப்பப் பயமா இருக்கு."

சோணையம்மாள் காப்பி டம்ளர் எடுக்க வருகிற சத்தம் கேட்டது. நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன்.